புகைபோக்கியைத் திருகினால்

மார்ச் 3

அன்புள்ள லேப் அம்மாவுக்கு,

நலம்தானே? போனில் பேசினால் மூன்றாவது வாக்கியத்திலேயே சண்டை வந்துவிடுகிறது, எழுதிக்கொள்வோம் என்று நீ சொன்னது நல்லதாகப் போயிற்று. எழுதும்போது கத்த முடியவில்லை.

நேற்று வேலைக்குக் கிளம்பும்போது வீட்டுக்காரர் மாடிப்படியில் மடக்கினார். "அக்ரிமெண்ட் இந்த மாசத்தோட முடியுது சார். மேடம் திரும்பி வருவாங்களா, மாட்டாங்களா? நீங்க ஒருத்தருக்கு எதுக்கு ரெண்டு ரூமு?" என்றார். கேட்டுச் சொல்கிறேன் என்றேன். "பொண்டாட்டியக் கேக்கறதுக்கு ஒரு மாசமா சார்?" என்று சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன்.

அதைத்தான் கேட்கிறேன். மாற்றல் வாங்கிக்கொண்டு போன அந்த ஆஸ்பத்திரியிலேயே இருந்துவிடப் போகிறாயா? நீ வருவதானால் அக்ரிமெண்டைப் புதுப்பிக்கிறேன். இல்லையென்றால் பேக்கரிக்குப் பக்கத்தில் ஒற்றை அறை ஒன்று காலியாக இருக்கிறது.

இங்கே புதிதாக ஒன்றும் இல்லை. ராத்திரி முழுக்க அடுப்பு, பகல் முழுக்கத் தூக்கம். தூங்கி எழுந்தாலும் அலுப்பு போவதில்லை.

அன்புடன்,
ரொட்டிக்காரன்

மார்ச் 9

அன்புள்ள ரொட்டிக்காரருக்கு,

இங்கேயும் அதே ரத்தம், அதே சிறுநீர். ஊர் மாறினாலும் டியூப் மாறவில்லை. விடுதி அறையில் என்னோடு இருக்கும் நர்ஸ் விடும் குறட்டையைக் கேட்டால் உங்கள் குறட்டை தாலாட்டு.

மேலதிகாரியும் அதையேதான் கேட்டார். "திரும்பிப் போறதுன்னா இப்பவே சொல்லும்மா, அப்புறம் அங்க வேற ஆள் போட்டுடுவாங்க." சொல்லிவிடலாம் என்றுதான் இரண்டு நாளாக இருக்கிறேன். வாய் வரைக்கும் வந்துவிட்டது.

பிளாஸ்டிக் கட்டைகளை அடுக்கி நாம் கட்டி ஷெல்ஃபில் வைத்த பொம்மை வீட்டைப் பற்றி ஒரு வரி எழுதவில்லையே? அதன் வாசலில் இப்போது எந்தப் பொம்மை நிற்கிறது, குடைக்காரனா கூடைக்காரியா? சிரிக்காதீர்கள். போன வருஷம் ஒரு மாதம் பேசாமல் இருந்தோமே, அப்போதும் நீங்கள் அதை மட்டும் விடவில்லை. அதை நினைத்தால் திரும்பலாம் என்றே தோன்றுகிறது.

வேளைக்குச் சாப்பிடுங்கள். விற்காத ரொட்டியையே தின்றுகொண்டிருக்காதீர்கள்.

உங்கள்
லேப் அம்மா

மார்ச் 14

அன்புள்ள லேப் அம்மாவுக்கு,

உன் கடிதத்தைப் பேக்கரியில் வைத்துப் படித்தேன். மாவு ஒட்டிவிட்டது. வந்துவிடு.

கட்டை வீடு பத்திரமாக இருக்கிறது. அதைத் துடைப்பதை நான் எப்போது விட்டேன்? நம் வீட்டில் வருகிறவர்கள் பார்த்துப் பாராட்டும் பொருள் அது ஒன்றுதான். நேற்று உன் அக்கா வந்திருந்தார். "பொம்மைக்கு இருக்கிற பவுசு இந்த வீட்டு மனுசங்களுக்கு இல்ல" என்றார். போகும்போது உன் பழைய செருப்பை எடுத்துக்கொண்டு போனார்.

அதைக் கட்டியதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. பெட்டியில் இருந்த கட்டைப் பாக்கெட்டுகளில் ஒற்றைப்படை எண் போட்டதெல்லாம் உனக்கு, இரட்டைப்படை எனக்கு. சாயங்காலம் வந்து உன்னுடையதை நீ கட்டிவைப்பாய். காலையில் வந்து அதன்மேல் என்னுடையதை நான் வைப்பேன். ஒரே வீட்டை ஷிஃப்ட் போட்டுக் கட்டிய புருஷன் பெண்டாட்டி நாம்தான்.

நீ போன பிறகு ஒரு சௌகரியம் சொல்லட்டுமா? குடைக்காரன் இடம் மாறுவதே இல்லை. முன்பெல்லாம் காலையில் வந்து பார்த்தால் தினமும் கூடைக்காரி வெளியே நிற்பாள், அவன் உள்ளே இருப்பான். நீ தூசி தட்டும்போது கை பட்டு நகர்ந்துவிடுகிறது என்று நினைத்துக்கொள்வேன். பெட்டிமேல் இருந்த படத்தில் அவன்தானே வாசலில் நிற்கிறான்? அதனால் படுக்கப் போகுமுன் விரலால் அவனை வெளியே தள்ளிவைப்பேன். டக்கென்று ஒரு சத்தம் வரும், அவள் தானாக உள்ளே போய்விடுவாள். இப்போது அந்த வேலை மிச்சம்.

என்றைக்கு வருகிறாய்? வீட்டுக்காரரிடம் சொல்ல வேண்டும்.

அன்புடன்,
ரொட்டிக்காரன்

மார்ச் 19

அன்புள்ள ரொட்டிக்காரருக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். நர்ஸ் கேட்டாள், "யாருக்காவது உடம்பு சரியில்லையா?"

"இல்ல. ஒரு பொம்மை வீடு."

"அதுக்கா இப்படி உக்காந்திருக்க? ஒடஞ்சிருச்சா?"

உடையவில்லை என்றேன்.

கை பட்டு நகரவில்லை. அந்த வீட்டின் புகைபோக்கியைத் திருகினால் இருவரும் இடம் மாறுவார்கள். ஒருவர் வெளியே வந்தால் மற்றவர் உள்ளே. சக்கரங்கள் இருந்தது என்னுடைய மூன்றாவது பாக்கெட்டில். நீங்கள் மறுநாள் காலை அதன்மேல் தரை போட்டு மூடினீர்கள். பார்த்திருப்பீர்கள் என்றுதான் நினைத்தேன்.

தினமும் வேலைக்குப் போகும்போது திருகிவிட்டுப் போவேன். நான் வெளியே, நீங்கள் உள்ளே. சாயங்காலம் வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் முதலில் அதைத்தான் பார்ப்பேன். குடைக்காரன் வெளியே நிற்பான். கிளம்பிவிட்டேன், நீ உள்ளே இரு என்று நீங்கள் சொல்லிவிட்டுப் போவதாக எடுத்துக்கொண்டேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க நேரமில்லாத வீட்டில் இது போதும் என்று இருந்தேன். பேசாமல் இருந்த அந்த மாதத்தில் ஒரு நாள் ஊருக்குப் போகத் துணிப்பெட்டியைக் கட்டிவிட்டேன். வாசலில் அவன் நின்றதைப் பார்த்துவிட்டு மறுபடி பிரித்து அடுக்கினேன்.

நீங்கள் பெட்டிப் படத்தைப் பார்த்துச் சரிசெய்துகொண்டிருந்திருக்கிறீர்கள்.

உங்கள்மேல் தப்பில்லை. எனக்கு அலுப்பாக இருக்கிறது, அவ்வளவுதான். மேலதிகாரியிடம் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.

இப்படிக்கு,
லேப் அம்மா

மார்ச் 24

என் அன்புக்குரியவளுக்கு,

இன்று லீவு போட்டுவிட்டேன். பேக்கரி மாஸ்டர், "ஒடம்பா, வீடா?" என்றார். வீடு என்றேன்.

கூரையைக் கழற்றி, தரையை ஒவ்வொரு கட்டையாகப் பெயர்த்தேன். புகைபோக்கியிலிருந்து ஒரு தண்டு சுவருக்குள் நேராகக் கீழே இறங்குகிறது. அடியில் ஒரு பல்சக்கரம், அதற்குப் பக்கத்தில் படுத்தமாதிரி இன்னொன்று. அதன்மேல் ஒரு நீளக் கட்டை. அதன் ஒரு முனையில் அவன், மறுமுனையில் அவள். வெளியே இருந்து பார்த்தால் ஒன்றுமே தெரியாது. இதைச் செய்தவன் எவ்வளவு அழகாக மறைத்துவைத்திருக்கிறான்! தரை போட்ட அன்றைக்குத் தூக்கக் கலக்கம். படத்தில் இருந்த இடத்தில் கட்டையை வைத்தேன், கீழே பார்க்கவில்லை.

சக்கரத்தில் சில பற்களின் முனை வெளுத்துத் தேய்ந்திருக்கிறது. டக்கென்று கேட்டது அதுதான். நீ திருகியதை எல்லாம் நான் தினமும் பல் தாண்டித் தள்ளியிருக்கிறேன்.

எல்லாவற்றையும் மறுபடி பூட்டினேன். கடைக்குப் போகும்போது புகைபோக்கியைத் திருகி அவனை வெளியே விட்டுவிட்டுப் போனேன். திரும்பி வந்து பார்த்தேன். விட்ட இடத்திலேயே நின்றான். பையை இறக்கிவைத்தேன். பிறகு அவனை உள்ளே அனுப்பினேன், நான் வந்துவிட்டேன் அல்லவா. இப்போது கூடைக்காரி வெளியே நிற்கிறாள்.

வீட்டுக்காரர் தினமும் கேட்கிறார். பகல் ஷிஃப்ட் கேட்டிருக்கிறேன், கிடைக்குமா தெரியவில்லை. நீ வா.

உன்
ரொட்டிக்காரன்

மார்ச் 29

அன்புள்ள ரொட்டிக்காரருக்கு,

சக்கரங்களைப் பற்றி நீங்கள் எழுதியிருந்ததை இரண்டு முறை படித்தேன். கல்யாணமான நாளிலிருந்து நீங்கள் எழுதியதிலேயே நல்ல கடிதம் அதுதான். அழுகை வரும் என்று பார்த்தேன், தூக்கம்தான் வந்தது. குறட்டைச் சத்தத்திலும் விடியும்வரை தூங்கினேன். அப்படித் தூங்கி எத்தனையோ நாளாகிறது.

காலையில் போய் மேலதிகாரியிடம் இங்கேயே இருந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டேன். கோபத்தில் சொல்லவில்லை. மறுபடி முதல் பாக்கெட்டிலிருந்து ஆரம்பிக்க எனக்குத் தெம்பு இல்லை.

வீட்டுக்காரரிடம் சாவியைக் கொடுத்துவிடுங்கள். பகல் ஷிஃப்ட் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள், உடம்புக்கு நல்லது. என் துணிகளை அக்கா வந்து எடுத்துக்கொள்வாள்.

கட்டை வீட்டை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். புது அறைக்குக் கொண்டுபோகும்போது கூரையைப் பிடித்துத் தூக்காதீர்கள், அடியில் கை கொடுங்கள். கூடைக்காரி வெளியே நிற்பதாக எழுதியிருந்தீர்கள். அப்படியே இருக்கட்டும். இனி அவளை விரலால் உள்ளே தள்ளாதீர்கள்.

இப்படிக்கு,
லேப் அம்மா