ஆணியில் தொங்கிய மக்குகள்

பரவை
செவ்வாய்க்கிழமை, மத்தியானம்

அன்பு மகள் முத்துமீனாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் கடை அடுப்பும் நன்றாக இருக்கிறோம், மூவரில் அடுப்புக்கு மட்டும் இந்த வாரம் கொஞ்சம் வேலை குறைவு, அதன் காரணம் கீழே வரும். புனேயில் நீயும் உன் வயிறும் எப்படி இருக்கிறீர்கள் என்று எழுது. போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் ஒரு வார்த்தை சொல்வதற்குள் நீ ஒன்பது சொல்லிவிடுகிறாய், நடுவில் உன் அப்பா வந்து ஸ்பீக்கரில் போடச் சொல்கிறார், அப்புறம் நான் பேசுவதை மார்க்கெட்டே நின்று கேட்கிறது, எனக்கு எங்கே பேச்சு வரும். கடிதத்தில் நான் முடிக்கிற வரைக்கும் உன்னால் குறுக்கே பேச முடியாது. போன வாரம் நீ சிரித்துக்கொண்டே ஒன்று சொன்னாய், உன்னோடு வீடு எடுத்துத் தங்கியிருக்கும் பவதாரிணி உன் தட்டுக்கும் டம்ளருக்கும் அடியில் சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு பொட்டு வைத்திருக்கிறாள், அவளுடையதோடு கலந்துவிடாமல் இருக்க, என்று. எதுக்குடி என்று கேட்டதற்கு, அதுக்கில்லம்மா, அவ வெஜிடேரியன், நான் அட்ஜஸ்ட் பண்ணிக்கிட்டேன் என்றாய். நானும் சரி என்று போனை வைத்துவிட்டேன். அன்றிலிருந்து அந்தப் பொட்டு என் கண்ணை விட்டுப் போகவில்லை. அதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன், ஆனால் நம் பேக்கரிக்கு வரும் சைக்கிள்காரர்களின் கதையைச் சொல்லாமல் அதைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

நீ புனே போன பிறகு வந்து சேர்ந்த கூட்டம் இது. ஞாயிற்றுக்கிழமை விடிவதற்கு முன்னால் திண்டுக்கல் ரோட்டில் சிவப்பு விளக்குகள் வரிசையாக மினுக்கிக்கொண்டு வந்தபோது ஏதோ விபத்து என்று உன் அப்பா தண்ணீர்க் குடத்தோடு ஓடினார். பார்த்தால் மதுரையிலிருந்து வந்த பெரிய மனிதர்கள், டாக்டர், வக்கீல், பாங்க் ஆபீசர், கம்ப்யூட்டர்காரர்கள், எல்லோரும் உடம்போடு ஒட்டின பளபள உடுப்பில், தலையில் பூசணிக்காய் ஓட்டைக் கவிழ்த்த மாதிரி ஒரு தொப்பி, பின்பக்கம் தலையணை வைத்துத் தைத்த டவுசர். மார்க்கெட்டில் மூட்டை தூக்கும் காளை அண்ணன், நீ பார்த்திருக்கிறாய், அவர் டீயைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்துவிட்டார். மதினி, மேல ஒரு துண்டாச்சும் கட்டிக்கிறச் சொல்லுங்க, கண்ண எங்க வைக்கிறதுன்னே தெரியல என்றார். அந்த சைக்கிள்களுக்கு ஸ்டாண்டு கிடையாது, கேரியர் கிடையாது, மணி கூடக் கிடையாது. பாவம், ஒண்ணொண்ணாச் சேத்து வாங்குவாக போல என்று காளை அண்ணன் உண்மையாகவே வருத்தப்பட்டார். ஸ்டாண்டு இல்லாத காரணத்தால் அத்தனை சைக்கிளையும் நம் கண்ணாடி அலமாரி மேல் சாத்தினார்கள், அன்று முழுக்க ஹனி கேக்கை யாரும் பார்க்க முடியவில்லை.

அவர்களுக்குத் தலைவர் ஸ்ரீநாத், எல்லோரும் கேப்டன் என்று கூப்பிடுவார்கள். சைக்கிளை ஒரு விரலால் தூக்கிக் காட்டுவார், இம்புட்டு லேசு என்று. லேசான சைக்கிளுக்காக அவ்வளவு செலவு செய்தவர் வந்த வேகத்தில் மூன்று தேங்காய் பன்னை உள்ளே தள்ளிவிட்டுத்தான் அதில் திரும்ப ஏறுவார், சைக்கிளில் குறைந்த எடை இப்படித்தான் தன் இடத்துக்கு வந்து சேரும். எல்லார் கையிலும் ஒரு கடிகாரம் இருக்கிறது, எவ்வளவு கொழுப்பு எரிந்தது என்று அது சொல்லுமாம். அதைப் பார்த்துவிட்டுத்தான் பப்ஸா பன்னா என்று முடிவு செய்வார்கள், அது எவ்வளவு சொன்னாலும் முடிவு இரண்டும்தான். ஒரு நாள் வித்யாஸ்ரீ என்கிற பெண் கடிகாரத்தை ஓடவிட மறந்துவிட்டாள், வந்த தூரமெல்லாம் வராத தூரமாகிவிட்டது என்று முகம் வாடி உட்கார்ந்திருந்தாள், ஒரு பன் பட்டர் ஜாம் கொடுத்துத்தான் தேற்றினோம். ரிட்டயர்டு பாங்க் ஆபீசர் கிரிதரன் சாருக்குச் சர்க்கரை நோய். எனக்குச் சீனி இல்லாமக் காப்பிம்மா என்று பெரிய தியாகி மாதிரி சொல்லிவிட்டு அதில் தொட்டுக்கொள்ள ஹனி கேக் எடுப்பார். கேப்டன் மட்டும் காபியை உடனே குடிக்க மாட்டார், மூக்குக்குக் கீழே பிடித்துக் கண்ணை மூடுவார், லேசா சாக்லேட் நோட் வருதுண்ணே என்பார். அது பக்கத்துத் தட்டுல இருக்க கேக்கு சார் என்று உன் அப்பா சொன்னதற்கு எல்லோரும் சிரித்தார்கள், அவர் சிரிக்கவில்லை. சாப்பிட்டு முடித்ததும் பன்னோடும் காபியோடும் போட்டோ எடுத்துக்கொண்டு, இமயமலையைக் கடந்து வந்தவர்கள் மாதிரி ஒருவர் முதுகை ஒருவர் தட்டிக்கொண்டு, வந்த வழியே ஊருக்குப் போவார்கள். காளை அண்ணனும் தினமும் அவர்கள் வருவதைவிட அதிக தூரத்திலிருந்து சைக்கிளில்தான் வருகிறார், அவருக்கு யாரும் சைக்கிளிஸ்ட் என்று பெயர் வைக்கவில்லை, லோடுமேன் என்றுதான் பெயர்.

இதெல்லாம் சிரிக்கிற விஷயம், நானும் கல்லாவுக்குப் பின்னால் நின்று முந்தானையில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தவள்தான். ஞாயிற்றுக்கிழமை பன் இரண்டு மடங்கு போகிறது என்று உன் அப்பா புதுசாக ஒரு பெரிய அடுப்புக்கே சொல்லி வைத்துவிட்டார். அப்படி இருக்கும்போதுதான் ஒரு நாள் காளை அண்ணன் குடித்து வைத்த கிளாஸை நான் கழுவி, அதிலேயே கேப்டனுக்குக் காபி ஊற்றினேன். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். அக்கா, ஒரு சின்ன ரிக்வெஸ்ட், தப்பா எடுத்துக்காதீங்க, எங்களுக்கு மட்டும் தனி கப் வச்சிடலாமா, நாங்களே வாங்கித் தந்துடுறோம் என்றார். வெந்நியிலதேன் கழுவுறேன் தம்பி, வேணும்னா இன்னொருக்கா கழுவித் தாரேன் என்றேன். அதுக்கில்லைக்கா என்றார். அவ்வளவுதான், அதற்கு மேல் அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நம் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். உனக்கு முதல் பட்டதாரிச் சான்றிதழ் கிடைக்காமல் செய்ததைத் தவிர அந்தப் பட்டம் வேறொன்றும் செய்யவில்லை என்று உன் அப்பா இன்றைக்கும் கேலி செய்வார். அன்றைக்கு அவர் சொல்வது சரிதான் என்று எனக்கே பட்டது, மூன்று வருடம் காலேஜில் படித்தவளுக்கு, பிறகு எதுக்கு தம்பி என்று கேட்க வாய் வரவில்லையே.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு வெள்ளைக் குவளைகள் வந்தன, ஒவ்வொன்றிலும் இங்கிலீஷில் ஒரு பெயர், அவருடையதில் கேப்டன் என்று. வரிசையாக ஆணி அடித்த ஒரு பலகையும் கூடவே வந்தது. இதுக்குப் பேரு மக்குண்ணே என்று உன் அப்பாவுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். மக்குன்னா குளிக்கிறதுக்குல்ல வச்சிருப்போம், அதுலயா காப்பி குடிப்பாக என்று காளை அண்ணன் கேட்டார். உன் அப்பா பலகையைச் சுவரில் மாட்டிவிட்டுத் தள்ளி நின்று பார்த்து, கடைக்கு அழகாத்தான இருக்கு என்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, அது வேற இது வேற முருகு, அன்னைக்கு நம்மள ஒதுக்கி வச்சாக, இவுக தன்னைத் தானே ஒதுக்கிக்கிறாக, நமக்கென்ன நட்டம் என்றார். எனக்கு அவர் மாதிரி வாதம் செய்யத் தெரியாது. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். எங்கள் ஊரில் டீக்கடைக் கூரை இடுக்கில் நமக்கென்று தனியாகச் சொருகி வைத்திருந்த கிளாஸை என் அப்பாவே எடுத்து, குடித்துவிட்டு, தானே கழுவித் திரும்பச் சொருகிவிட்டு வருவார், அவர் வேட்டியைப் பிடித்தபடி நான் நின்றிருக்கிறேன். நாம் கடை வைத்தபோது எதை விற்பது என்று உன் அப்பா முடிவு செய்தார், எந்தக் கிளாஸும் தனியாக இருக்கக் கூடாது என்று நான் முடிவு செய்தேன், வாயைத் திறந்து சொல்லவில்லை, அவ்வளவுதான்.

இந்தத் தடவையும் சொல்லவில்லை. மறுநாள் திங்கட்கிழமை காலையில் பன்னிரண்டு மக்கையும் ஆணியிலிருந்து எடுத்து, வெந்நீரில் கழுவி, மற்றக் கிளாஸ்களோடு தட்டில் கவிழ்த்து வைத்தேன். யார் வந்தாலும் கைக்கு எது வருகிறதோ அதில் ஊற்றினேன். காளை அண்ணன் கைக்குக் கேப்டன் போனது. எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, நான் என்னைக்கு மதினி கேப்டன் ஆனேன் என்றார். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் விடுவார்களா, ஏ கேப்டன் மூடையத் தூக்கு, கேப்டனுக்கு ஒரு வடை குடுங்க என்று அந்த வாரம் முழுக்க மார்க்கெட்டில் அதே பேச்சுத்தான். உன் அப்பா வெறும் பலகையைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார், தட்டைப் பார்ப்பார், மாவு பிசையப் போய்விடுவார். சனிக்கிழமை ராத்திரி மட்டும், நாளைக்கு அவுக வருவாக, பாத்துக்க என்றார்.

வந்தார்கள். சைக்கிளைச் சாத்திவிட்டு, கடிகாரத்தை நிறுத்திவிட்டு, பன்னுக்குச் சொல்லிவிட்டு, அதன் பிறகுதான் பலகையைப் பார்த்தார்கள். நம்ம மக்கெல்லாம் எங்கக்கா என்று வித்யாஸ்ரீ கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள் தக்காளி லாரியிலிருந்து யாரோ கேப்டன், எம்புட்டு நேரம்யா குடிப்ப, வாய்யா என்று சத்தம் போட்டார்கள். இரண்டு பேர் திரும்பினார்கள் மீனா. பளபள உடுப்பில் ஒருவர், தலைப்பாகையில் ஒருவர். தலைப்பாகைக்காரர் கையில் மக்கு இருந்தது. இதோ வாரேன் மாப்ள என்று லாரிக்குப் பதில் சொல்லிவிட்டு, மிச்சத்தை ஊதி ஊதிக் குடித்து முடித்து, மக்கை என்னிடம் கொடுத்துவிட்டு அவர் பாட்டுக்குப் போய்விட்டார். உன் அப்பாவுக்கு அந்த நேரம் பார்த்து அடுப்புக்குள் ஏதோ பெரிய வேலை வந்துவிட்டது, தலை வெளியே வரவில்லை. கேப்டன் என்னைப் பார்த்தார். கழுவித்தேன் வைப்பேன் தம்பி, எது கைக்கு வருதோ அதுல ஊத்துவேன், எல்லாருக்கும் அப்படித்தேன் என்றேன். அதுக்கில்லைக்கா என்றார். பிறகு எதுக்கு தம்பி என்றேன்.

சத்தமாகக் கேட்கவில்லை, சண்டைக்கும் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். எதற்கெடுத்தாலும் விடை சொல்லும் அந்தக் கடிகாரம் இதற்கு ஒன்றும் சொல்லவில்லை போல. தொப்பியை மாட்டிக்கொண்டு கிளம்பினார், பாதிப் பேருக்கு மேல் அவர் பின்னாலேயே போனார்கள், சொன்ன பன்னெல்லாம் தட்டில் கிடந்தது. வித்யாஸ்ரீ போவதா இருப்பதா என்று ரோட்டையும் பன்னையும் மாறி மாறிப் பார்த்தாள், கடைசியில் தட்டிலிருந்து ஒரு கிளாஸைத் தானே எடுத்து நீட்டினாள். அது மனசா பசியா என்று எனக்குத் தெரியாது, நான் நிறைய ஊற்றினேன். கிரிதரன் சார் வேறு யாருடைய பெயரோ போட்ட மக்கில் சீனி இல்லாத காபியை வாங்கிக்கொண்டு, போனவங்க பங்கையும் நான்தான எரிக்கணும் என்று இரண்டு தேங்காய் பன்னை முன்னால் இழுத்து வைத்துக்கொண்டார். அவர் வீட்டில் கேட்டால் நான் கொடுக்கவில்லை என்று சொல்வேன். அன்று சாயந்தரம் கேப்டன் போனில், அந்த மக்கு எனக்கு வேண்டாம்ணே, நீங்களே வச்சுக்கங்க என்று உன் அப்பாவிடம் சொல்லியிருக்கிறார். இப்போது அந்தக் கூட்டம் வேறு ரோட்டில் வேறு பேக்கரிக்குப் போகிறதாம், இங்கே ஐந்தாறு பேர்தான் வருகிறார்கள். பெரிய அடுப்பு வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். அந்த ஞாயிற்றுக்கிழமை மீந்த பன்னைத் தின்று தின்று எனக்குத் தேங்காய் வாசனையே ஆகவில்லை. உன் அப்பா இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை, மூன்றாம் நாள் பலகையைக் கழற்றி அதில் கரண்டி மாட்டினார். நீ கேட்டது சரிதேன், அதுக்காக ஞாயித்துக்கெழம பாத்தா கேக்கணும், திங்கக்கெழம கேட்டுருக்கலாம்ல என்றார். அவர் கோபம் அத்தோடு முடிந்தது.

இப்போது உன் கதைக்கு வருகிறேன். கறி வறுக்கிற சட்டியை அந்தப் பெண் தனியாக வைக்கச் சொன்னால் அதில் எனக்கு ஒன்றுமில்லை, அவள் வாய்க்கு ஆகாது, சரி. நீ தண்ணீர் குடிக்கிற டம்ளருக்கு எதற்குப் பொட்டு? தண்ணீர் என்றைக்கிலிருந்து கறி ஆனது? அவளோடு சண்டை போடு என்று நான் சொல்லவில்லை, எனக்கே சண்டை போட வராது. அவள் நல்ல பெண்ணாகவும் இருக்கலாம், உனக்குக் காய்ச்சல் வந்தபோது ராத்திரியெல்லாம் விழித்திருந்தவள்தானே, மறக்கவில்லை. ஒரே ஒரு தடவை, சிரிக்காமல், பிறகு எதுக்கு என்று மட்டும் கேள். நீ அட்ஜஸ்ட் பண்ணிக்கிட்டேன் என்று சொன்னபோது உன் குரல் உன் தாத்தா கிளாஸைக் கழுவிச் சொருகுகிற மாதிரி இருந்தது, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. வேறு வீடு பார்க்க வேண்டியிருந்தால் பார், அப்பாவிடம் நான் பேசிக்கொள்கிறேன், எனக்கு இப்போது கொஞ்சம் பேச வருகிறது.

இத்தோடு வரும் பார்சலில் நெய் பிஸ்கட்டும் ரஸ்க்கும் வைத்திருக்கிறேன், வந்ததும் டப்பாவில் போடு, நமத்துவிடும். ரஸ்க்குக்கு நடுவில் துணி சுற்றிக் கேப்டன் மக்கு இருக்கிறது. நன்றாகக் கழுவித்தான் வைத்திருக்கிறேன், காளை அண்ணன் குடித்தது, கேப்டன் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை குடித்தது. அடியில் பொட்டு எதுவும் வைக்காதே. வேளைக்குச் சாப்பிடு, தலைக்கு எண்ணெய் வை, ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் கூட்டத்தில் சேர நினைத்தால் ஸ்டாண்டு வைத்த சைக்கிளாகப் பார்த்து வாங்கு. நீ எந்த வீட்டில் இருந்தாலும் அந்த வீட்டு அலமாரி முழுக்க உன் கை நீளட்டும், எந்தக் குறையும் இல்லாமல் நல்லா இரு தாயி.

இப்படிக்கு,
உன் அம்மா
முருகம்மாள்

மறந்துவிடாதே: பார்சல் வந்த அன்றே அந்த மக்கில் காபி போட்டுப் பவதாரிணிக்குக் கொடு. அவள் குடித்தால் மெதுவாக உனக்கு நேரம் கிடைக்கும்போது எனக்குப் போன் செய். குடிக்காவிட்டால் அன்றைக்கே செய்.