கணக்குப்பிள்ளை வீட்டில் அன்றைக்கு என்ன செய்தார்கள்?

என் பிரியமுள்ள மும்தாஜ் மதினிக்கு,

நீ போன மறுமாசமே நம்ம ஊரைத் தனி மாவட்டம் ஆக்கிவிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் மிட்டாய் கொடுத்தார்கள். எனக்கு இனிக்கவில்லை. நமக்குள் சொந்தம் ஒன்றும் கிடையாது. ஆசிரியர் அறையில் பக்கத்துப் பக்கத்து நாற்காலி, அவ்வளவுதான். எப்படியோ மதினி, மதினி என்று ஒட்டிக்கொண்டோம். இப்போது அப்படிக் கூப்பிட எனக்கு யார் இருக்கிறார்கள்?

உன் பன்னிரண்டாம் வகுப்புச் சிறப்புத் தமிழை என் தலையில் கட்டிவிட்டார்கள். பாடம் ஒன்றும் சிரமமில்லை. நீ பாதியில் விட்டுப்போன துப்பறியும் நாவல்தான் பெரும்பாடாகிவிட்டது.

பஸ் ஸ்டாண்டில் வாங்கிய அந்த நாவலை நீ வகுப்புக்கு எடுத்துப்போனதும், தலைமையாசிரியை கூப்பிட்டு, "வயசுப் பிள்ளைகளுக்குக் கொலைக்கதையா நடத்துறது?" என்று கேட்டார். "காப்பியத்துல கொலை இல்லையாங்க டீச்சர்? அதை மனப்பாடம் பண்ணுதுக. இதை யோசிச்சுப் படிக்குதுக" என்றாய்.

ஒவ்வொரு அத்தியாயம் முடிந்ததும், "யார் மேல சந்தேகம்? எந்த வரியை வச்சுச் சொல்றே?" என்று கேட்பாயாம். தூங்கி வழிகிற பிள்ளைகள்கூட வரியைத் தேடிச் சண்டை போட்டார்களாம். மஞ்சள் காமாலை வந்து நீ படுத்தபோது இரண்டு அத்தியாயம் மிச்சம். பார்க்க வந்த என்னிடமும் அதைத்தான் கேட்டாய்: "பிள்ளைக கொலைகாரனக் கண்டுபிடிச்சிருச்சுகளா மதினி?"

அதற்குள் உனக்கு என்ன அவசரம்?

நான் நாவலைத் தொடாமல் இலக்கணம் நடத்திக்கொண்டிருந்தேன். பிள்ளைகள் விடவில்லை. "மும்தாஜ் டீச்சர் முடிக்காமப் போயிட்டாங்க. நீங்களாச்சும் வாசிங்க டீச்சர்" என்றார்கள். போன புதன்கிழமை வாசித்தேன். எந்த இடத்தில் உன் குரல் தாழும் என்று எனக்குத் தெரியும். அந்த இடங்களிலெல்லாம் நானும் குரலைத் தாழ்த்தினேன்.

மில் கணக்குப்பிள்ளைதான் கொலைகாரன். விலங்கு மாட்டி ஜீப்பில் ஏற்றுவதோடு கதை முடிகிறது. "நான் அப்பவே சொன்னேன்ல!" என்று நூர்ஜகான் துள்ளினாள். "அவனைத் தூக்குல போடணும்" என்றாள் ஒருத்தி. எல்லோரும் கைதட்டினார்கள்.

அப்போது செல்வராணி எழுந்தாள். நத்தத்துப் பிள்ளை, இங்கே சித்தி வீட்டில் தங்கிப் படிக்கிறாள். வகுப்பில் வாய் திறக்காதவள்.

"டீச்சர், அந்தக் கணக்குப்பிள்ளை வீட்ல அன்னைக்கு என்ன செஞ்சிருப்பாக? கதைல அதைக் காணமே."

வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. மாந்தோப்பு வேலித் தகராறில் ஒருவரை வெட்டிவிட்டு அவள் அப்பா மதுரை ஜெயிலில் இருப்பதை அவளுடைய சித்தி என்னிடம் சொல்லியிருந்தாள். பிள்ளைகளுக்குத் தெரியாது. உட்காரச் சொல்லிவிடலாமா? தெரிந்தால் ஒதுக்கிவிடுவார்களோ? நீயாக இருந்தால் என்ன செய்திருப்பாய்? நிஜமாகவே வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தேன் மதினி.

"தெரியலையேம்மா. நீ என்ன நினைக்கிறே?" என்றேன்.

"எங்க வீட்ல சோறு வெந்துக்கிட்டு இருந்துச்சு டீச்சர். போலீஸ் அப்பாவைக் கூட்டிட்டுப் போனதும் அம்மா சோத்தை வடிச்சு எங்களுக்குப் போட்டுச்சு. வெஞ்சனம் வைக்கல, வெறுஞ்சோறுதான். செத்தது எங்க பெரியப்பா. சின்னதுல என்னையத் தோள்ல தூக்கிட்டுத் திரிஞ்சவரு. அங்க போயி அழுகக்கூட எங்கள விடல."

தூக்கில் போடச் சொன்னவள் தலையைக் குனிந்துகொண்டாள். நூர்ஜகான் முதல் பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டு, "இங்க வந்து உக்காருடி" என்றாள். செல்வராணி போய் உட்கார்ந்தாள். இப்போதும் அங்கேதான் உட்காருகிறாள்.

அன்று சாயங்காலம் கால் தானாகவே பேகம்பூர்ப் பக்கம் திரும்பியது. உன் வீட்டு வாசலுக்கு வந்த பிறகுதான் யாரிடம் சொல்ல வந்தோம் என்று உறைத்தது. உன் அம்மா, "செத்த நேரம் உக்காரு தாயி" என்று கையைப் பிடித்தார்கள். எல்லாவற்றையும் அவர்களிடம் சொன்னேன். கேட்டுவிட்டு, "எம்மக இருந்தா இதையே ஒரு வாரத்துக்குப் பேசுவாளே" என்றார்கள். இரண்டு பேரும் அழுதோம்.

வருகிற வருஷமும் உன் வகுப்பை எனக்கே தரச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். யார் என்ன சொன்னாலும் ஒரு கொலைக்கதை வாசிப்பேன். உன்னை மாதிரி வராது. ஆனால் ஜீப் கிளம்பியதும் புத்தகத்தை மூடிவிட மாட்டேன், மதினி.

உறவில்லாமலே உனக்கு உறவான,
உன் மதினி
சரஸ்வதி