கிரகணத்தன்று நீ எடுத்துப்போன கேரியர்

என் அம்மாவுக்கு,

கை வலியோடுதான் எழுதுகிறேன். வலி இடது கையில், எழுதுவது வலது கையால், பயப்படாதே. நேற்று புதுச்சேரியில் மறுபடி ஒரு ஊசி. திரும்பும்போது பஸ்ஸில் அப்பா என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. அலுத்துப்போச்சும்மா.

பிறந்ததிலிருந்து முழங்கைக்குக் கீழே நீலம் பாரித்து, தொட்டால் பஞ்சுபோல் அமுங்குமே, அந்த வீக்கம் என்னவென்று இப்போதுதான் தெரிந்தது. "வளர வளர மறைஞ்சிடும்" என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். அதுவும் என்னோடு சேர்ந்து வளர்ந்ததுதான் மிச்சம். கரு உருவாகும்போதே அந்த இடத்து ரத்தக்குழாய்கள் தாறுமாறாக அமைந்துவிட்டனவாம். ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா சொன்னார். ஊசியில் மருந்து ஏற்றிச் சுருங்கவைக்கலாம். முழுசாகப் போகாது, வலி அடங்கும். திரும்ப வந்தால் திரும்ப ஊசி.

நான் கேட்க நினைத்ததை அப்பா கேட்டுவிட்டார்.

"இவ வயித்துல இருக்கசொல்ல கிரகணம் புடிச்சிதுங்க. நா சாப்பாட்டு கேரியர மறந்துட்டு செகண்ட் ஷிப்டுக்குக் கெளம்பிட்டேன். இவங்கம்மா அத எடுத்துகினு பஸ் ஸ்டாப்புக்கு ஓடியாந்தா. இடது கையிலதான் வச்சிருந்தா. அதனாலயாங்க?"

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "கிரகணத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லைங்க. யார் மேலயும் தப்பில்ல."

வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அப்பா அழுதார். "நா மறந்ததாலதான்னு இத்தினி வருஷமா நெனச்சிகினு இருந்தேம்மா. அவகிட்ட வாயத் தொறந்து சொன்னதில்ல."

நீயோ உன்னால்தான் என்று நினைத்தாய். பிளாக்கில் அக்கம்பக்கத்து வீட்டார் எல்லாரும் உன்னைத்தானே சொன்னார்கள்! ஒரே குவார்ட்டர்ஸில் இருந்துகொண்டு ஆளுக்கொரு பக்கம் பழியைச் சுமந்திருக்கிறீர்கள். ஒரு நாளாவது பேசியிருக்கக் கூடாதா?

உன்மேல் கோபம்கூட வருகிறது. ஒவ்வொரு கிரகணத்துக்கும் ஜன்னலில் போர்வையைக் கட்டி, என் கையை உன் முந்தானைக்குள் மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பாயே. டாக்டரம்மா சொன்ன அந்த ஒரு வார்த்தையைக் கேட்கும்வரையாவது நீ இருந்திருக்கக் கூடாதா அம்மா?

அப்பா ரிட்டையர் ஆவதற்குள் பகலில் ஒரு கிரகணம் வந்தால், சாப்பாட்டை வேண்டுமென்றே மறந்துவிட்டுப் போவதாகச் சொல்லியிருக்கிறார். நான் கேரியரை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்குப் போவேன். பிளாக்கே வேடிக்கை பார்க்கட்டும். இடது கையில்தான் எடுத்துப்போவேன் அம்மா.

நீ மூடி மூடி வைத்த கைக்குச் சொந்தக்காரி,
உன் மகள் செல்வி