நீல முட்டை விவகாரம்

அன்புள்ள உங்களுக்கு,

இங்கே நானும் மாமாவும் சுகம். உங்கள் கோழிகள் எங்களைவிடச் சுகம். நீங்களும் நேரத்துக்குச் சாப்பிட்டு, உடம்பைப் பார்த்துக்கொள்கிறீர்கள் என்று நம்புகிறேன்.

போன் இருக்க இவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று யோசிப்பீர்கள். போனை எடுத்தாலே மகன் குரலைக் கேட்க மாமா என் பக்கத்தில் வந்து நின்றுகொள்கிறார். அவரை வைத்துக்கொண்டு சொல்லக்கூடிய சங்கதி இல்லை இது. அதோடு, நீங்கள் என்னைப் பேச விட்டால்தானே? "சாப்பிட்டியா" என்று ஒரு வார்த்தை கேட்கிறீர்கள். நான் வாயைத் திறப்பதற்குள் "தாடிக்காரி தீனி எடுத்தாளா" என்று கோழிக்குப் போய்விடுகிறீர்கள்.

வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பும்போது என்ன சொன்னீர்கள்? நீல முட்டையும் பச்சை முட்டையும் இடுகிற ஜாதியாகப் பார்த்து வாங்கியிருக்கிறேன், இடத் தொடங்கினால் பண்ணை வைத்துவிடலாம், அப்புறம் ஒப்பந்தத்தை நீட்டிக்கக் கையெழுத்துப் போடமாட்டேன், வீட்டோடு வந்துவிடுவேன் என்றீர்கள். அந்தப் பேச்சை நம்பித்தான் இந்தச் சனியன்களை முதுகொடிய வளர்த்தேன். கோழிக்குக் காது இருக்கிறது என்பதே எனக்கு அதற்கப்புறம்தான் தெரியும்.

முட்டை என்ன நிறம் என்று தெரிய, காதுமடல் சிவப்பா, வெள்ளையா பார் என்றீர்கள். மாமா அமுக்கிப் பிடிக்க, நான் ஒவ்வொன்றின் தலையிறகையும் விலக்கிப் பார்த்தேன். கையெல்லாம் கீறல், மேலெல்லாம் எச்சம். எல்லாம் சிவப்பு என்று சொன்னால், "நீல முட்டை இடுமான்னு காதை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது" என்கிறீர்கள். ஏங்க, அதை முதலிலேயே சொல்லித் தொலைத்தால் என்ன? அடுத்து, கொண்டை பட்டாணி பதித்த மாதிரி அடக்கமாக இருக்கிறதா பார், கால் சாம்பல் நிறமா பார். அது நிறமா சேறா என்று தெரிவதற்காக, அடுப்பில் வைத்ததை அப்படியே விட்டுவிட்டுக் கோழிக்காலைக் கழுவிக்கொண்டிருந்தேன். கறுப்பியின் படத்தைப் பார்த்துவிட்டு, பச்சை முட்டைதான், சந்தேகமே இல்லை என்று அடித்துச் சொன்னீர்களே! அந்தக் கறுப்பி போன வாரம் கொட்டகைமேல் ஏறி நின்று கூவியது. சேவலிடம் எந்த நிறத்தில் முட்டை கேட்பது?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மாமா உங்களுக்கு நீல முட்டையின் படம் அனுப்பினார் அல்லவா? அதைப் பார்த்து நீங்கள் போட்ட சத்தம் தெருமுனை வரை கேட்டிருக்கும். நீட்டிப்பு வேண்டாம் என்று மேலாளரிடம் சொல்லப்போகிறேன் என்றீர்கள். அன்று எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. மறுநாள் அந்த முட்டையை உடைத்தேன். ஓட்டின் உட்புறம் வெள்ளை வெளேரென்று இருந்தது. நிஜமான நீல முட்டைக்கு உள்ளும் புறமும் நீலம் என்று எனக்குப் பாடம் நடத்தியதே நீங்கள்தான். திரும்பிப் பார்த்தால் மாமாவின் நகமெல்லாம் நீலம். கடையில் வெள்ளை முட்டை வாங்கி, துணிக்குப் போடுகிற சொட்டு நீலத்தில் ஊறவைத்திருக்கிறார் மனுஷன்!

நன்றாகச் சத்தம் போட்டேன். வயசான காலத்தில் இதென்ன சின்னப்பிள்ளை விளையாட்டு என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு, "நீலமா இருந்தா வந்துருவான்ல" என்றார். நகத்தைத் தேய்க்க எலுமிச்சை நறுக்கிக் கொடுத்தேன்.

நம் கோழிகள் இதுவரை இட்டதெல்லாம் பழுப்பு. எந்தக் கடையிலும் கிடைக்கிற அதே பழுப்பு. விற்றவன் உங்கள் தலையில் நன்றாக மிளகாய் அரைத்திருக்கிறான். முகத்தைச் சுற்றித் தாடி வைத்திருக்கிறாளே, அந்தத் தாடிக்காரி மட்டும் இன்னும் இடவில்லை. முட்டைப் பெட்டியில் போய் உட்காருகிறாள், எழுந்து வருகிறாள், அவ்வளவுதான்.

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் நீங்கள் வந்து இறங்கியிருப்பீர்கள். அந்த ஆசை எனக்கு வரவில்லை என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் பெட்டியை வாசலில் போட்டுவிட்டு நேராகக் கோழிக்கூண்டுக்குத்தான் ஓடுவீர்கள். அங்கே உங்கள் முகம் சுருங்குவதைப் பார்க்க என்னால் ஆகாது. உங்கள் அப்பாவால் சுத்தமாக ஆகாது.

இதைப் படித்த கையோடு போய்க் கையெழுத்துப் போட்டுவிடுவீர்களோ என்று பயமாக இருக்கிறது. போடாதீர்கள். உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். பழுப்பு முட்டையையும் ஜனங்கள் சாப்பிடத்தான் செய்கிறார்கள். தாடிக்காரி என்ன நிறத்தில் வேண்டுமானாலும் இடட்டும், இடாமலேயே போகட்டும். தினமும் காலையில் அந்த முட்டைப் பெட்டிக்குள் கைவிட்டுப் பார்க்கிற வேலை இனி உங்களுடையது. எனக்கு அலுத்துவிட்டது.

கோபம் தீராத,
உங்கள் மனைவி

பி.கு.: போனில் மாமாவிடம் முட்டையைப் பற்றி எதுவும் கேட்டுவிடாதீர்கள். என்றைக்குக் கிளம்புகிறீர்கள் என்பதை மட்டும் சொல்லுங்கள்.