கூடம் கோணல்

மார்ச் 4
இன்று என் தையல் மெஷின் நாடு கடத்தப்பட்டது. பன்னிரண்டு வருடமாகக் கூடத்து ஜன்னலோரம் இருந்ததைக் குளியலறைக்குப் போகும் நடைக்குத் தள்ளிவிட்டார் என் வீட்டுக்காரர். துணி மூட்டைகள், தரைக் கம்பளம் எல்லாம் கட்டிலுக்கு அடியில். காரணம், ஓய்வுபெற்ற கையோடு போன மாதம் வாங்கிய இரண்டு ஆளுயர ஸ்பீக்கர்கள். நன்றாகத்தான் பாடிக்கொண்டிருந்தன. இன்னும் நன்றாகப் பாட வேண்டுமாம்.

“சத்தம் தாராளமா நடமாட எடம் வேணும்” என்றார்.

நான் நடமாட? கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

மார்ச் 6
பாட்டு போட்டார். தகர டப்பாவில் ஆணியைப் போட்டுக் குலுக்கியது போல் இருந்தது.

மார்ச் 11
முதலில் ஒயர்மேல் பழி. புது ஒயர் வந்தது, கட்டைவிரல் தடிமனில். பிறகு மின்சாரம் ‘அழுக்கா’ இருக்கிறதாம், அழுக்காக்குவது ஃப்ரிட்ஜாம். பிளக்கைப் பிடுங்கியவர் திரும்பச் சொருக மறந்துவிட்டார். பால் திரிந்ததுதான் மிச்சம். மதியம் அடுத்த தீர்ப்பு: “இந்தக் கூடமே சரியில்ல.”

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். முகத்துக்கு நேராகவே சொன்னேன். ஒலியைக் கூட்டிவிட்டார்.

மார்ச் 15
தலைமை ஆசிரியை அம்மா சேலைமேல் போடும் கருநீலக் கோட்டை முழுக்கக் கறுப்பு நூலில் தைத்து வைத்திருக்கிறேன். நடையில் இருக்கும் அழுது வடியும் பல்பில் இரண்டும் ஒரே நிறம். வாசல் வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தார். “கண்ணாடியை மாத்திக்கோங்கம்மா” என்று சொல்லி, கோட்டை மடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டார். எட்டு வருடத்து வாடிக்கை.

என் கண்ணுக்கு என்ன கேடு? வெளிச்சத்தைப் பிடுங்கினது யாரு? நான் தச்ச துணியில ஒரு குறை யாராவது சொல்லியிருக்காங்களா இதுவரைக்கும்? — அவரிடம் சொன்னேன். “ஷ்ஷ், இந்த இடத்துல புல்லாங்குழல் வரும்” என்றார்.

மார்ச் 16
மருந்துக்கடை மாடியில் ஓர் அறை காலி. இரண்டு ஜன்னல். பார்த்துவிட்டு வந்தேன், சொல்லவில்லை.

மார்ச் 22
அவருடைய நண்பர் வந்திருந்தார். வானொலியில் ஒலிப்பதிவு செய்தவர். நான் வைத்த பெயர் காதுகாரர். ஒயரைத் தொடவே இல்லை. கூடத்தின் நடுவில் நின்று ஒருமுறை கைதட்டினார். சுவரெல்லாம் திருப்பித் தட்டியது.

“கூடந்தான் கோளாறு. முன்னாடி இங்க என்ன இருந்துச்சு?”

“துணி. மூட்டை மூட்டையா” என்றேன்.

“அதுதான் எதிரொலியை உறிஞ்சிக்கிட்டு இருந்திருக்கு. ஏன்யா எடுத்தே?”

ஆக, கூடம் கோணல்தான். பழமொழிதான் தோற்றது. கோணலாக்கியது யார் என்று மட்டும் அதில் இல்லை.

அவர் போனதும் வீட்டுக்காரர் குழைந்தார். “மூட்டையெல்லாம் பழையபடி வெச்சிடலாம்மா.”

“மெஷின்?”

“அது கடகடன்னு அடிக்கும். நடையிலயே இருக்கட்டும்.”

துணி வேண்டும், தைக்கிறவள் வேண்டாம். இவ்வளவு தெளிவாக அந்த ஸ்பீக்கரில்கூட ஒன்றும் கேட்டதில்லை நான்.

மார்ச் 23
மெஷின், மூட்டை, கம்பளம் ஒன்றுவிடாமல் மாடி அறைக்குப் போயாயிற்று. “வீடு மாத்துறீங்களாம்மா?” என்றார் வண்டிக்காரர். “பாதி” என்றேன்.

ஏப்ரல் 9
தலைமை ஆசிரியை இன்னும் வரவில்லை. வரமாட்டார் போலிருக்கிறது, வலிக்கத்தான் செய்கிறது. ஆனால் கீழே மருந்து வாங்க வருகிறவர்கள் பாதிப்பேர் மேலேயும் எட்டிப் பார்க்கிறார்கள்.

மாலையில் வீட்டுக்காரர் வந்து வாசலிலேயே நின்றார். “உள்ள வரலாமா?” இருபத்தாறு வருடத்தில் என்னிடம் கேட்ட முதல் அனுமதி. அடுக்கியிருந்த துணிகளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

“இந்த ரூம் பிரமாதமா இருக்கு. ஒரு ஓரமா அந்த ரெண்டு ஸ்பீக்கரையும் வெச்சுக்கட்டுமா? உனக்கும் பொழுது போகும்.”

சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. அளவு கொடுக்க மூன்று பேர் காத்திருந்தார்கள்.

“அவங்களுக்குப் பின்னாடி நில்லுங்க. முறை வரும்போது பேசலாம்” என்றேன்.

நின்றார்.