ஜப்பான் படத்தைச் சுற்றிய பரிவட்டம்

சார்,

பழைய கட்டடத்தை இடிக்கப் போகிறார்களாம். ஸ்டோர் ரூமை ஒழித்துக் கொடுங்கள் என்று என் தலையில் கட்டினார்கள். பீரோவின் மேல்தட்டில் கையை விட்டதும் கற்பூர வாசனை வந்தது. பள்ளிக்கூடத்து பீரோவில் ஏது கற்பூரம் என்று இழுத்தால், சுருட்டி வைத்த ஜப்பான் வரைபடம். அதைச் சுற்றி, ஓரம் இற்றுப்போன மஞ்சள் பட்டுத்துணி. கோயிலில் மரியாதையாகத் தலையில் கட்டிவிடும் உங்கள் வீட்டுப் பரிவட்டம். கண்ணில் தூசி விழுந்துவிட்டது என்று சொல்லிவிட்டு வராந்தாவில் போய் நின்றேன். தூசியும் இல்லை, ஒன்றும் இல்லை.

எத்தனை வருஷம் ஒரே ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்திருப்போம்! கணக்கு டீச்சரான எனக்கு உங்கள் வரலாற்றின் மேல் பெரிய மரியாதை கிடையாது. "செத்தவங்களப் பத்திப் பேசியே சம்பளம் வாங்குறீங்க சார்" என்று சீண்டுவேன். நீங்கள் சிரித்துக்கொண்டே என் டிபன் பாக்ஸிலிருந்து மீன் வறுவலை எடுத்துக்கொள்வீர்கள். ஆனால் நீங்கள் ஜப்பான் பாடம் நடத்தும் நாளில் என் வகுப்புப் பிள்ளைகள் கணக்கை விட்டுவிட்டுச் சுவருக்கு அங்கிட்டுக் காதைக் கொடுக்கும். நானும்தான்.

பிரபு போகும் பாதையில் குடியானவன் மண்டியிட்டுக் குனிய வேண்டும். சாமுராய் மட்டும்தான் இரண்டு வாள் செருகலாம். பிறந்த வீடுதான் ஒருவன் யார் என்று சொல்லும். அந்நியர் கப்பல் வந்து கரையில் நின்ற பிறகு எல்லாம் ஆட்டம் கண்டது. பேரரசர் பெயரால் பழைய ஆட்சியைச் சாய்த்தார்கள். பிரபுக்கள் நிலத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள், சாமுராய்கள் குடுமியை வெட்டினார்கள், வாளை இறக்கி வைத்தார்கள், எல்லாப் பிள்ளைகளுக்கும் பள்ளிக்கூடம் வந்தது. அதோடு நிறுத்த மாட்டீர்கள். "விவசாயிக்கு விடிஞ்சிருச்சுன்னு எழுதிறாதீங்க. நெல்லா வாங்குன வரியக் காசா கேட்டாங்க. வீட்டுப் பிள்ளையப் பட்டாளத்துக்குக் கேட்டாங்க" என்பீர்கள்.

ஒரு வருஷம் இந்தப் பாடத்தின்போதுதான் ஒன்பதாம் வகுப்பில், கடைசித் தெருவிலிருந்து வரும் ஒரு பெண் எழுந்து நின்றாள். அவளுடைய அப்பா வருஷா வருஷம் உங்கள் ஊர்த் தேர் இழுக்கிறவர், திருநீறு மட்டும் கடைசியில் வாங்குகிறவர்.

"சார், அங்க பெரியவுங்க எல்லாம் விட்டுக் குடுத்தாங்கன்னு சொல்றீங்க. நம்ம ஊர்ல ஒங்க வீட்டுக்குத்தான சார் முதல் பரிவட்டம் கட்டுவாக?"

மணி அடித்தது. நீங்கள் சாக்பீஸோடு அப்படியே ஸ்டாஃப் ரூமுக்கு வந்தீர்கள். அன்றைக்கு மீனைத் தொடவில்லை.

உங்கள் ஊர் நாலு கரை, அதாவது நாலு வகையறா என்று நீங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். கரைக்கு ஒரு குடும்பத்துக்குப் பரிவட்டம், அதில் முதல் மரியாதை உங்கள் வீட்டுக்கு. அப்பாவுக்குப் பிறகு மூத்த பிள்ளையான உங்களுக்கு. அந்தப் பங்குனித் திருவிழாவில் குருக்கள் துணியோடு வந்தபோது, "எனக்கு வேணாம், எல்லாரோடயும் வரிசையில வாரேன்" என்று நீங்கள் நகர்ந்துகொண்டீர்கள். நகர்ந்த இடத்தில் உங்கள் தம்பி வந்து நின்று, துணியைக் கட்டிக்கொள்ளத் தலை குனிந்தார். மேளம் ஒரு நொடிகூட நிற்கவில்லை.

திங்கட்கிழமை இதைச் சொன்னீர்கள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அதற்கு இப்போது மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

"பாடத்த நானே ஒழுங்காப் படிக்கல டீச்சர்" என்றீர்கள். "அங்க ஒரு ஆளா விடல. முதல்ல நாலு பிரபுமாரு சேர்ந்து ஒரே கடுதாசில எழுதிக் குடுத்தாங்க. அப்புறம்தான் மத்தவங்க வந்தாங்க. ஒருத்தன் மட்டும் விட்டா, அது காலி எடம்."

அதற்குப் பிறகு ஒரு வருஷம் டிவிஎஸ் ஃபிஃப்டியில் நாலு கரைக்கும் அலைந்தீர்கள். ஊர் வம்பு எதற்கு என்று நான் தடுத்ததெல்லாம் காற்றில் போனது. கடைசியில் கடிதத்தையும் என்னிடமே எழுதச் சொன்னீர்கள். "நான் எழுதுனா என் கரை, இன்னொருத்தர் எழுதுனா அவர் கரை. ஒங்களுக்குத்தான் இங்க கரையே இல்ல." கோட்டைப்பட்டினத்திலிருந்து வேலைக்கு வந்த முஸ்லிம் வீட்டுப் பெண்ணான நான், ஒரு கோயில் மரியாதையைக் கைவிடும் கடிதத்தை எழுதினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு பயந்து பயந்து எந்தக் கணக்கையும் போட்டதில்லை.

மூன்று கரையும் கையெழுத்துப் போட்டது. மிச்சம் உங்கள் கரை. அதாவது, தம்பி.

அவர் சத்தம் போடவில்லையாம். ஒன்றே ஒன்றுதான் கேட்டாராம்: "ஒனக்கு வாத்தியார்னு ஒரு பேரு இருக்குண்ணே. அந்தத் துணியும் போயிட்டா நான் யாரு?" "வாள் தடை செய்யப்பட்டதுன்னு ஒரு வரியில சொல்லிட்டுப் போயிக்கிட்டு இருந்திருக்கேன் டீச்சர். அவன் கேட்டத அங்க எத்தன பேரு கேட்டிருப்பாங்க!" என்று மறுநாள் என்னிடம் வந்து சொன்னீர்கள். எட்டு நாள் கழித்துத் தம்பி கையெழுத்தைப் போட்டுக் கொடுத்தார். கூடவே, "இனிமே என் வீட்டுப் படி ஏறாத" என்றும் சொன்னார். இரண்டையும் வாங்கிக்கொண்டு வந்தீர்கள்.

அடுத்த பங்குனியில் பரிவட்டம் யாருக்கும் இல்லை. வந்த வரிசைப்படி திருநீறு. தேர் இழுத்த அந்தப் பெண்ணின் அப்பா முன்னால் நின்றார், அவருக்குப் பின்னால் நீங்கள். வீட்டிலிருந்த பழைய பரிவட்டத்தைக் கொண்டுவந்து எப்போது இந்தப் படத்தில் சுற்றினீர்களோ, என்னிடம்கூடச் சொல்லவில்லை. தம்பி உங்களோடு பேசவேயில்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படுத்த அன்றே நீங்கள் போய்விட்டீர்கள். அன்றும் அவர் தெருமுனையிலேயே நின்றார், வீட்டுக்குள் வரவில்லை. அவரை அன்று மனதுக்குள் நான் திட்டாத திட்டு இல்லை.

நேற்று அந்தச் சுருளைத் தூக்கிக்கொண்டு திருமயம் பஸ் ஏறி உங்கள் ஊருக்குப் போனேன். துணி அவர் குடும்பத்துச் சொத்து, கொடுத்துவிட்டு வந்துவிடலாம் என்றுதான். தம்பி களத்தில் உளுந்து காயப்போட்டுக்கொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது சார். துணியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். வாங்கிக்கொள்ளவில்லை.

"இது என்ன படம் டீச்சர்?"

"ஜப்பான்."

விரித்துக் காட்டச் சொன்னார். ஓரம் பறக்காமல் இருக்கத் தானே கல் தேடிக் கொண்டுவந்து வைத்தார். வெகுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: "கத்தியக் குடுத்தாங்கன்னு அண்ணன் சொல்லும். குடுத்தவுங்க அப்புறம் என்ன ஆனாங்க?"

வரலாற்றைக் கிண்டல் செய்தவள் பதில் சொல்ல வேண்டியதாகிவிட்டது. சுவருக்கு இங்கிட்டு இருந்து கேட்டதை எல்லாம் சொன்னேன். சிலர் ஆத்திரப்பட்டுக் கலகம் செய்து செத்தார்கள். சிலர் நொடித்துப் போனார்கள். சிலர் கடை வைத்தார்கள், சிலர் போலீஸ் வேலைக்குப் போனார்கள். நிறையப் பேர் வாத்தியார் ஆனார்கள்.

"வாத்தியாராவா?"

"ஆமாங்க."

"எங்கண்ணன் மாதிரி" என்றார். உளுந்து காய்ந்த அந்தக் களத்தில் உட்கார்ந்து, தெருமுனையில் நின்ற அன்று அழாத அழுகையை எல்லாம் அழுதார். நான் மனதுக்குள் திட்டியதை எல்லாம் திரும்ப எடுத்துக்கொண்டேன்.

படத்தை அவரே சுருட்டி, அவரே அந்தத் துணியைச் சுற்றி என் கையில் கொடுத்தார். "பிள்ளைகளுக்குக் காட்டுங்க" என்றார். உங்கள் இடத்துக்கு இன்னும் ஆள் போடவில்லை சார். திங்கட்கிழமை ஒன்பதாம் வகுப்புக்கு நான் போகிறேன். அந்த வாளைப் பற்றி ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போக மாட்டேன்.