மூன்று பாதையும் இறங்கும் இடம்

கண்ணு,

நான் டூட்டிக்குக் கிளம்பிட்டேன். உன்னை எழுப்பினா நேத்து விட்ட இடத்துலேர்ந்து சண்டை தொடங்கும். முட்டை அவிச்சு மூடி வெச்சிருக்கேன். தண்ணி ரெண்டு பாட்டில் எடுத்துக்கோ. சாவியை ஷூ அலமாரியிலேயே வை, மலையில தொலைச்சிட்டு வந்து நிக்காதே.

ஏரிக்கரைப் பாதையில ஆள் நடமாட்டம் உண்டு. மின்கோபுரப் பாதையில நிழலே கிடையாது. கல்குவாரிப் பாதையில போன் எடுக்காது. நீ குவாரிப் பக்கம்தான் போவே. நீ பிடிச்ச முயலுக்கு மூணே கால். தூறல் விழுந்தா உடனே திரும்பிடு, பாறை வழுக்கும்.

"அறுபது பேரை ஏத்திக்கிட்டு பஸ் ஓட்டுறே, நான் ஒருத்தி தனியா நடக்கப் பயமா?"ன்னு கேட்டியே. ஆமாம்டி, பயம்தான். ஆனா கூட வரமாட்டேன்னு சொன்னேன், வரலை.

அம்மா

இன்னொண்ணு: மூணு பாதையும் மலையடிவார பஸ் ஸ்டாப்புலதான் வந்து இறங்குது. டிரைவர் மீசைக்காரர்கிட்ட கெஞ்சி, இன்னிக்கு அந்த ரூட்டை நான் வாங்கிட்டேன். நாலு மணிக்கு அங்க இருப்பேன். நீ ஏற வேண்டாம், பேசவும் வேண்டாம். தூரத்துல நின்னு கையை மட்டும் ஆட்டு. பஸ்ஸுல இருக்கிறவங்க லேட்டாகுதுன்னு கத்தினா கத்தட்டும், நீ கை ஆட்டுறதைப் பார்த்த பிறகுதான் பஸ்ஸைத் திருப்புவேன்.